மச்சினனின் லாரி

குப்பைக் கிடங்கில் கட்டணத்தை ஏற்றியதும் எங்கள் குடியிருப்பின் சங்கச் செயலாளருக்குத் தோன்றிய ஒரே வழி, வீட்டுக்கு வீடு பராமரிப்புக் கட்டணத்தைக் கூட்டுவதுதான். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் பணத்தைச் செலவழிப்பதில் நல்ல பழக்கம். குப்பை ஏற்றிப் போகும் லாரி அவர் மச்சினனுடையது என்று எல்லோருக்கும் தெரியும். அவர் முன்னால் மட்டும் தெரியாது.

எங்கள் குடியிருப்பில் முன்கட்டிடம், பின்கட்டிடம் என்று இரண்டு; சங்கம் ஒன்று, வரவு செலவு தனித்தனி. கூட்டத்தில் பின்கட்டிடத்துத் தையல்காரம்மா எழுந்தாள்.

"கிடங்குல எடை பார்த்துத்தானே காசு வாங்கறாங்க? எடையைக் குறைச்சிட்டா போச்சு. பேப்பர், பாட்டில், தகரத்தைத் தனியா எடுத்து விப்போம். காய்கறிக் கழிவைச் செடிக்கு மக்க வைப்போம்."

செயலாளர் சிரித்தார். "அம்மா, இங்க கௌரவமான குடும்பங்க இருக்கு. எச்சில் பாட்டிலை வித்துப் பிழைக்கிற நிலைமை இன்னும் நமக்கு வரலை."

முன்கட்டிடத்துக்காரர்கள் கை தட்டினார்கள். தட்டியவர்களில் ஒருவர் மீன் கழிவைப் பையில் கட்டி ஜன்னல் வழியாக வீசுகிற கௌரவஸ்தர்.

பின்கட்டிடம் தன் வழியில் போனது. தையல்காரம்மாவும் எதிர்வீட்டு நர்ஸும் மாடிப்படிக்குக் கீழே பீப்பாய்களை வைத்தார்கள். ஆரம்பத்தில் எவனோ குழந்தையின் அழுக்கு நாப்கினைப் பேப்பர் பீப்பாயில் போட்டான். அந்தக் கட்டிடத்தில் கைக்குழந்தை ஒரே வீட்டில்தான். தையல்காரம்மா அதைக் கொண்டுபோய் அந்த வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தாள். அப்புறம் அந்தத் தொல்லை இல்லை.

கிடங்குக்குப் போக வேண்டிய குப்பை பாதிக்கும் கீழே இறங்கியது. லாரிக்குக் கொடுப்பதும் குறைந்தது. கோடையில் இரண்டு கட்டிடத்துத் தண்ணீர் மோட்டாரும் ஒன்றன்பின் ஒன்றாகப் புகைந்தபோது, பின்கட்டிடம் பாட்டில் விற்ற காசில் மோட்டாருக்குப் புதுக் கம்பிச் சுருள் கட்டியது. முன்கட்டிடம் வீட்டுக்கு வீடு வசூல் செய்தது. வசூல் முடியும்வரை அந்தக் கௌரவமான குடும்பங்கள் பின்கட்டிடத்துக் குழாயடியில் வாளியோடு நின்றன.

செயலாளருக்குப் பொறுக்கவில்லை. பீப்பாய்கள் கட்டிடத்தின் அழகைக் கெடுக்கின்றன என்றார்.

"அப்ப அழகையே குடிங்க சார், தண்ணிக்கு எங்ககிட்ட வராதீங்க," என்றாள் தையல்காரம்மா.

அதற்குப் பிறகு ஒருநாள் மச்சினன் லாரியைப் பின்கட்டிடத்து வாசலில் நிறுத்தினான்.

"அக்கா, கிடங்குக்குப் போனா டீசல் செலவு, வாசல்ல கட்டணம், வரிசையில நின்னு பாதி நாள் போயிடுது. உங்க பேப்பரை ஏத்திட்டுப் போனா பேப்பர் மில்லுல எனக்குக் காசு குடுக்கறாங்க. நீங்க பழைய பேப்பர் கடைக்குப் போடறதைவிட அதிகமாவே தர்றேன்."

"உங்க மாமா ஏதாவது சொல்லப்போறாரு."

"மாமா பேச்சை டேங்க்ல ஊத்தினா லாரி ஓடுமாக்கா?"

அடுத்ததாக அவன் மாமா வீட்டுக்கே போனான். பிரிக்காத குப்பைக்கு இனி கூடுதல் வாடகை என்றான். செயலாளருக்கு முகம் சிவந்துவிட்டது.

"யாருக்காகடா நான் இத்தனை நாள் சண்டை போட்டேன்?"

"தெரியும் மாமா. ஆனா எனக்குக் கட்டுப்படி ஆகலை."

அவர் மனைவி பக்கம் திரும்பினார். கூடப்பிறந்தவனை அதட்டுவாள் என்று நினைத்தார் போல.

"அவன் சொல்றது சரிதானே," என்றாள் அவள். "நான் எப்பவோ நம்ம வீட்டுதைப் பிரிச்சுப் பின்கட்டிடத்துல போட ஆரம்பிச்சிட்டேன். நீங்க கவனிக்கலை. வீட்டுக் குப்பையை என்னைக்கு நீங்க தொட்டிருக்கீங்க?"

அடுத்த கூட்டத்தில் செயலாளர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பேசினார். குப்பையைக் கிடங்கில் கொட்டுவது பணத்தைக் குழி தோண்டிப் புதைப்பதற்குச் சமம் என்றார். இது பல வருடமாகத் தன் மனதில் இருந்த திட்டம் என்றும் சொன்னார். அதே கைகள் அதே உற்சாகத்தோடு தட்டின. தையல்காரம்மா எழுந்து, முன்கட்டிடத்துப் பீப்பாயை யார் கழுவப்போவது என்று கேட்டாள். கைகள் எல்லாம் பைக்குள் போய்விட்டன. கடைசியில் கூலிக்கு ஆள் வைத்தார்கள்.

ஆள் கூலி போக முன்கட்டிடத்துக்கும் மிச்சம் வரத்தான் செய்தது. பின்கட்டிடம் தன் பணத்தில் மாடிப்படிக்குக் கைப்பிடி போட்டு, ஒழுகும் கூரையைப் பூசியது. முன்கட்டிடத்தின் முதல் வருட மிச்சத்தில் செயலாளர் நுழைவாயிலில் ஒரு பளிங்குக் கல் பதித்தார். திட்டத்தின் தந்தை என்று அதில் அவர் பெயர் இருக்கிறது. மழை பெய்தால் அந்தக் கட்டிடத்தின் மேல்மாடியில் இன்னும் வாளி வைக்கிறார்கள்.