என் பெயரில் பாதி

“அக்கா, ஒரே ஒரு தடவ இவளப் பேரு சொல்லிக் கூப்பிடுங்க” என்றாள் ரஞ்சனா, மகளை என் முன்னால் நிறுத்தி. ஃபிஜியின் நாந்தி விமான நிலையத்தில் ஆக்லாந்து போகிறவர்களின் வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. நான் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினேன். கூப்பிடவா? அந்தப் பெயரையா? அதுவும் இவள் கேட்டு?

ரஞ்சனா என் ஓரகத்தி. என் கணவரின் தம்பி பிஜேந்திராவின் மனைவி. சமபுலாவில் ஒரே வீட்டில்தான் இருந்தோம். அப்பா பெயரில் கொஞ்சம், அம்மா பெயரில் கொஞ்சம் எடுத்துப் பிள்ளைக்குப் புதுப் பெயர் கட்டுவது எங்கள் ஜனங்களிடம் உண்டு. என் கணவர் அஷ்வின், நான் சுனிதா. அஷ்னிதா! கல்யாணமான வருஷமே நான் கட்டி வைத்த பெயர். மூன்று முறை கரு தங்காமல் போன பிறகும் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். என்ன கிறுக்குப் பிடித்ததோ, ஒருநாள் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது, வாயும் வயிறுமாக இருந்த இவளிடம் உளறிவிட்டேன்.

பெயர் சூட்டும் நாளில் பூசாரி கேட்டதும் மகாராணி வாய் கூசாமல் “அஷ்னிதா” என்றாள். அடுப்படியில் வைத்து அவள் கையைப் பிடித்து உலுக்கினேன்.

“உங்களுக்கு எப்ப ஆகுமோ என்னமோ. நல்ல பேரு சும்மா கெடக்கே அக்கா” என்றாள். படுபாவி.

அதோடு போயிற்றா? கடைக்காரர் தேவேந்திராவின் மகளுக்கு அதே பெயர். நவுவாவில் இவள் சித்தி பேத்திக்கு அதே பெயர். நகாசியில் ஒரே தெருவில் இரண்டு அஷ்னிதா. “எப்படிம்மா இவ்ளோ அழகான பேரக் கண்டுபிடிச்ச?” என்று கேட்பார்கள். “மனசுல தோணிச்சு” என்று இவள் சிரிப்பாள். பக்கத்தில் நிற்கும் எனக்கு வயிறு பற்றி எரியும். எவள் எவள் வீட்டிலோ என் பெயரில் பாதியும் என் புருஷன் பெயரில் பாதியும் கவுன் போட்டுக்கொண்டு ஓடின. எனக்குத்தான் ஒன்றும் பிறக்கவில்லை.

ரஞ்சனாவின் மகளுக்குச் சோறூட்டியவள் நான், தலை பின்னியவள் நான். ஆனால் ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுவேன். அந்தப் பெயர் என் வாயில் வராது.

எண்பத்தேழு மே மாதம் பாராளுமன்றத்துக்குள் பட்டாளம் புகுந்தது. ஃபிஜியை விட்டுப் போக ஊரே பெட்டி கட்டியது. பிஜேந்திராவுக்கு ஆக்லாந்து போக விசா கிடைத்தது. என் கணவருக்கு இல்லை என்றுவிட்டார்கள். இதையும் இவளே பிடுங்கிக்கொண்டாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

“தெனம் கேக்குறா அக்கா, பெரியம்மா ஏன் என் பேரச் சொல்றதில்லன்னு.” ரஞ்சனாவின் கண் கலங்கியிருந்தது. கலங்கட்டுமே.

“போயிட்டு வா பாப்பா” என்று குழந்தையின் தலையைத் தடவினேன்.

“மொதே, பெரியம்மா” என்று பள்ளித் தோழிகளிடம் விடைபெறுவதுபோலச் சொல்லிவிட்டு, முறை வந்ததும் அப்பா, அம்மா விரல்களைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். துப்பாக்கியோடு நின்ற சிப்பாய் ஒதுங்கி வழிவிட்டான். கண்ணாடிக் கதவுக்குள் அவள் முதுகு சின்னதாகிக்கொண்டே போனது. எனக்கு என்ன ஆயிற்றோ, வெட்கத்தை விட்டுக் கத்தினேன்.

“அஷ்னிதா! அடியே அஷ்னிதா!”

வரிசையில் நாலைந்து சிறுமிகள் திரும்பிப் பார்த்தார்கள். எல்லார் காலிலும் புது ஷூ, எல்லாரும் போகிறவர்கள். எங்கள் வீட்டவள் மட்டும் திரும்பவில்லை. என் குரலில் அவள் அதைக் கேட்டதே இல்லையே.

கதவு மூடியது. வரிசையில் நின்ற யார் வீட்டுப் பெண்ணோ, நீலக் கவுன், முன்பல் விழுந்தவள், என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லக் கையை ஆட்டினாள்.