செம்பேன் விழாத சரிவு

கழுத்துக்கும் இடது தோளுக்கும் நடுவில் ஒரு இடம், விரல் வைத்தால் கட்டைபோல இருக்கும். காலையில் கண் திறந்ததும் இசக்கி முதலில் அதைத்தான் தொட்டுப் பார்ப்பான். வலி அதிகமென்றால் கை தலைக்கு மேல் போகாது. கை போகாவிட்டால் மூட்டை ஏறாது. மூட்டை ஏறாவிட்டால் இலை வண்டியில் அவனுக்கு வேலை கிடையாது.

கட்டபெட்டைச் சுற்றியிருக்கும் சின்னத் தோட்டக்காரர்கள் பறித்துச் சாலையோரம் கொண்டுவந்து வைக்கும் தேயிலையை எடை போட்டு, வண்டியில் ஏற்றி, பாக்டரியில் இறக்குவது அவன் வேலை. மழை நாளில் சாக்கு ஈரம் குடித்துக் கனக்கும். ஆஸ்பத்திரி டாக்டர், பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். பாரம் தூக்காமல் என்ன செய்வது என்பதை எழுதிக் கொடுக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கோத்தகிரிப் பக்கம் புதிதாக வந்த ரிசார்ட் ஒன்று போட்டோ போட்டி வைத்தது. தலைப்பு, மலையில் இலையுதிர் காலம். ஜெயிக்கிறவருக்கு அங்கேயே வேலை. விருந்தாளிகளை நடத்திக் கூட்டிப்போய்ப் படம் எடுத்துத் தர வேண்டும். கழுத்தில் கேமரா ஒன்றுதான் சுமை. அதை நினைக்கும்போதே இசக்கிக்குத் தோள் லேசானது. அவனிடம் பழைய கேமரா ஒன்று இருந்தது. காதுகுத்து, பெயர் வைப்பு என்று தெரிந்தவர்கள் கூப்பிட்டால் எடுப்பான். போட்டிக்கு ஒரே கண்டிப்பு: இல்லாத நிறத்தைக் கம்ப்யூட்டரில் கொண்டுவந்தால் படம் தள்ளுபடி.

எடுத்த முதல் படத்தைக் கோத்தகிரி பஜாரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஜலீலிடம் காட்டினான். கேமராவை அவனுக்கு விற்றதே ஜலீல்தான்.

"படமாப்பா இது? நடுவுல கரண்டு கம்பி போகுது. மலை ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது. தண்ணியப் போட்டுட்டு எடுத்தியா?"

"வண்டிய நிறுத்திட்டு அவசரத்துல எடுத்தேன் பாய்."

"அந்த அவசரந்தான் தெரியுது. மத்தியான வெயில்ல எல்லாம் வெளுத்த துணியாட்டம் கெடக்கு. காலைல போ. கம்பிக்குக் கீழ எறங்கி நில்லு. பள்ளத்துல பனி இருக்கோணும்."

மறுநாள் வேலைக்கு முன்னால் போய்ச் சாலைக்குக் கீழே, தண்ணீர் போகிற காடியில் இறங்கி நின்றான். எதிரே, அவன் வண்டிக்கு இலை போடும் மூக்கம்மாவின் தோட்டம். சரிவு முழுக்கத் தேயிலை, அடியில் பனி, உச்சியில் வெள்ளைக்காரன் காலத்து மரங்கள் இரண்டு. அவற்றின் பெயர் அந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. கார்த்திகை பிறந்தால் இலை சிவந்து கொட்டும் என்பது மட்டும் தெரியும்.

செடிகளுக்கு நடுவிலிருந்து மூக்கம்மா தலை நிமிர்ந்தாள்.

"ஏனுங்க போட்டோக்காரரே, காடிக்குள்ள என்ன தவமா?"

"அக்கா, கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க. படத்துல வர்றீங்க."

"என்ற தோட்டத்துல என்னையே போகச் சொல்றான் பாரு!" என்று மருமகளிடம் சொல்லிச் சிரித்தாள். ஆனால் நகர்ந்து கொடுத்தாள். தோள் பிடித்துக்கொண்ட நாட்களில் அவனுக்காக அவளும் மருமகளும்தான் மூட்டையை வண்டிவரை தள்ளிக் கொடுத்தவர்கள்.

இரண்டாவது படத்தை ஜலீல் வெகு நேரம் பார்த்தார். கம்பி இல்லை. மலை நேராக நின்றது. பனிக்கு மேலே சரிவு மிதந்தது.

"இப்பத்தான் படமாட்டம் இருக்கு. ஆனா ரெண்டு மரத்தத் தவிர மிச்சமெல்லாம் பச்சை. இலையுதிர் காலம்னா எவன் நம்புவான்?" என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரில் எதையோ இழுத்தார். சரிவு பழுத்தது. இன்னும் இழுத்தார். செம்புப் பாத்திரம் விளக்கி வைத்ததுபோல் ஆயிற்று.

"பாய், ரூலு இருக்குதுங்களே."

"நான் பவுடர் பூசாத கல்யாணப் பொண்ணு படம் இந்த ஊருல ஒண்ணு இருக்கா? எவனாவது வந்து கேட்டிருக்கானா?"

இசக்கி திரையையே பார்த்தான். பிறந்ததிலிருந்து தேயிலைக்குள் கிடந்தவன். ஆனால் அந்த நேரம் அவன் கண்ணுக்குத் தேயிலை தெரியவில்லை. கழுத்தில் கேமரா மட்டும் தொங்க நடந்துபோகும் ஒருவன்தான் தெரிந்தான்.

"சரிங்க பாய். அனுப்பிருவோம்."

படம் கடைசிச் சுற்றுக்கு வந்தது. ரிசார்ட் அதைத் தன் இணையப் பக்கத்தில் போட்டது. கீழே, இசக்கி நன்றியோடு எழுதிக் கொடுத்திருந்தபடியே, 'மூக்கம்மா தோட்டம், கட்டபெட்டு' என்று இருந்தது. லைக் எவ்வளவு விழுகிறது என்பதையும் பார்ப்பார்களாம். இசக்கி எல்லோருக்கும் அனுப்பினான். சொந்தக்காரர்களுக்கு, சலூன்காரருக்கு, பாக்டரி வாட்ஸப் குரூப்புக்கு. முடிவு வெள்ளிக்கிழமை.

புதன்கிழமை காலை பாக்டரியில் இலை வாங்கும் அழகர்சாமி போன் செய்தார்.

"லைக் போட்டுட்டுத்தான் கூப்புடறேன் இசக்கி. படம் நல்லா இருக்கு. ஆனா என்னப்பா, மூக்கம்மா தோட்டம் பூரா செம்பேன் விழுந்திருக்குது?"

செம்பேன் என்னும் சிறு பூச்சி பிடித்தால் தேயிலை அந்த நிறத்துக்குத்தான் போகும். அதே செம்பு. ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"மழைக்காலத்துல ஏதுங்க செம்பேன்?"

"இந்த வருஷம் எங்கப்பா மழை? அந்தம்மா மருந்து அடிச்சிருக்கும், நம்மகிட்டச் சொல்லியிருக்காது. மருந்து வாசம் ஏறுன இலைய வாங்கி நான் மாட்டிக்க முடியாது. ஆள் போய்ப் பாக்கற வரைக்கும் அந்தத் தோட்டத்து இலைய ஏத்தாதே."

'அது எடிட்டிங்குங்க' என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் குரூப்பில் பரவும். குரூப்பிலிருந்து ரிசார்ட்டுக்குப் போக ஒரு டீ குடிக்கிற நேரம் போதும்.

"சரிங்க," என்றான்.

சாலையோரத்தில் மூக்கம்மாவின் மூன்று மூட்டைகள் கட்டி நின்றன. மற்றவர்களுடையதை எல்லாம் ஏற்றினான். அவளுடையதைத் தொடவில்லை.

"தம்பி, இது?"

"பாக்டரில இன்னைக்கு வேண்டாம்னுட்டாங்கக்கா."

"எனக்கு மட்டுமா? ஏன்?"

"தெரியலீங்க." அவன் கண்ணைத் திருப்பிக்கொண்டு வண்டிக் கதவைச் சாத்தினான். கொண்டி இரண்டு முறை நழுவியது.

"சாயங்காலமாவது எடுத்துக்கச் சொல்லு சாமி. சாக்குக்குள்ள இலை வெந்துரும்," என்று பின்னாலிருந்து குரல் கேட்டது.

பாக்டரியில் இறக்கிவிட்டு நேராக ஜலீலிடம் போனான்.

"ரெண்டு நாள் வாயத் தொறக்காதே. வெள்ளிக்கிழமை வேலை கைக்கு வரட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்," என்றார் அவர்.

"இலை அதுவரைக்கும் தாங்காதுங்க பாய்."

"செடி அங்கயேதான இருக்கும்? மறுபடி முளைக்காதா?"

ஜலீலுக்குச் செடி முளைக்கும் என்பது தெரியும். குனிந்து பறிக்கிற முதுகு தெரியாது. இசக்கிக்குத் தெரியும். தெரிந்தும் அன்று பகல் முழுவதும் போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே சுற்றினான். போன் அடிக்கும்போதெல்லாம் வண்டியை ஓரங்கட்டி எடுத்தான். ஒருமுறை கடன் வேண்டுமா என்று கேட்டார்கள். ஒருமுறை அவன் மனைவி, ரேஷனுக்குப் போய்விட்டு வரச் சொன்னாள். லைக் ஏறிக்கொண்டே போனது.

சாயங்காலம் வண்டி திரும்பும்போது மூட்டைகள் அதே இடத்தில் நின்றன. வெயில் படாமல் அவற்றின்மேல் யாரோ பழைய சேலையைப் போர்த்தியிருந்தார்கள். இசக்கி இறங்கிப்போய் ஒரு சாக்கின் வாயை அவிழ்த்துக் கையை உள்ளே விட்டான். சுட்டது. காய்ச்சல்காரன் வயிறுபோல் சூடு. ஒரு பிடி எடுத்துப் பார்த்தான். ஓரமெல்லாம் செம்புநிறம். ஜலீல் திரையில் இழுத்து வைத்தாரே, அதே நிறம். இங்கே யாரும் எதையும் இழுக்கவில்லை.

அங்கேயே நின்று, நிறம் ஏற்றாத படத்தையும் ஏற்றின படத்தையும் சேர்த்துக் குரூப்பில் போட்டான். 'இதுதான் உண்மையான தோட்டம். அந்த நிறம் கம்ப்யூட்டரில் ஏற்றினது. செம்பேன் இல்லை. மருந்து அடிக்கவில்லை. தப்பு என்மேல்' என்று எழுதினான். அனுப்பிய பிறகு தோள்வலி காதுவரை ஏறியது.

அழகர்சாமி உடனே கூப்பிட்டார். "மடப்பயலே, இதக் காலைலயே சொல்றதுக்கென்ன? நாளைலருந்து ஏத்து. இன்னைக்கு எடுத்தது வேண்டாம், அது வெந்திருக்கும்."

அதற்குள் மூக்கம்மா மேலேறி வந்திருந்தாள். அவளிடமும் சொன்னான். குரூப்பில் எழுதியதைவிட அது கஷ்டமாக இருந்தது. போனைக் காட்டினான். அவள் இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"அட கோட்டிக்காரா. நல்லா நிக்கிற செடியப் படத்துல கொளுத்திப்போட்டியே. அதுல என்ற பேரு வேற."

"எவ்வளவுன்னு சொல்லுங்கக்கா, குடுத்துர்றேன்."

"உன்ற காசு யாருக்கு வேணும்? உம்பொண்டாட்டி வந்து சண்டை கட்டுறதுக்கா?" ஒரு மூட்டையைக் காலால் தள்ளினாள். அது உருண்டு காடிக்குள் விழுந்தது, அவன் நின்று படம் எடுத்த அதே காடி. "நாலு நாள்ல தோட்டம் மறுபடி இலை குடுக்கும். என்ற முதுவு குடுக்குமா? எம்மருமவ முதுவு? மூணு மூட்டை நீ பறிச்சுக் கட்டிக் குடு. அப்புறம் பேசலாம்."

மறுநாள் காலை ரிசார்ட்டின் பக்கத்தில் அவன் படம் இல்லை. யாரும் போன் செய்து சொல்லவில்லை. அந்த இடத்தில் யாரோ எடுத்த ஏரிப் படம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இசக்கி மூக்கம்மாவின் சரிவில் இறங்கினான். ஏற்றிப் பழகிய கை, பறிக்கத் தெரியவில்லை. முற்றின இலையையும் சேர்த்துக் கிள்ளினான். மருமகள் அவன் சாக்கில் கையை விட்டு அதைப் பொறுக்கி வெளியே எறிந்தாள்.

"அண்ணா, இது போட்டோ இல்லீங்க. அப்புறமா அழிக்க முடியாது."

இருட்டுக்கு முன் அரை மூட்டை ஆயிற்று. இடது கையைத் தூக்கவே முடியவில்லை. திங்கட்கிழமை காலையில் இலை வண்டி இருக்கிறது, தோளில் மூட்டை ஏறுமா என்று தெரியாது. மூக்கம்மாவுக்கு இன்னும் இரண்டரை மூட்டைப் பறிப்பு பாக்கி.