தீர்ப்பு வந்த செவ்வாய்க்கிழமை

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு நாடு வெளியேறவிருந்த நேரத்தில் நாடாளுமன்றத்தைப் பிரதமர் மூடி வைத்தது செல்லாது என்று லண்டனில் பதினொரு நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்ன அந்தச் செப்டம்பர் காலையில், வென்டி வேலைக்கு வந்திருக்க வேண்டியதே இல்லை. செவ்வாய்க்கிழமை அவளுக்கு வேலை நாள் அல்ல. ஸ்கெல்பி தொகுதியின் உறுப்பினர் ரோஸ்மேரி கிளெக் முந்தின நாள் கூப்பிட்டு, "தீர்ப்பு எந்தப் பக்கம் வந்தாலும் நாளைக்கு போன் ஓயாது வென்டி. ப்ரையனி சின்னப் பொண்ணு, தனியா மாட்டிப்பா. வர முடியுமா?" என்று கேட்டார். அதனால் வந்தாள்.

கடைவீதியில் பேக்கரிக்குப் பக்கத்தில் இரண்டே அறை கொண்ட தொகுதி அலுவலகம் அது. தொலைக்காட்சியில் தலைமை நீதிபதியம்மாள் கடைசி வரியை வாசித்து முடித்ததும் ப்ரையனி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள்.

"ஜெயிச்சுட்டோம் வென்டி! மூடினதே செல்லாதாம். மூடவே இல்லைங்கிற மாதிரியாம்!"

"ம்," என்றாள் வென்டி. "கெட்டிலைப் போடு. இனிமே டீ குடிக்க நேரம் கிடைக்காது."

அவள் துள்ளாததற்குக் காரணம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் ஐரோப்பாவை விட்டு வெளியேற வேண்டும் என்றுதான் அவளும் வாக்களித்திருந்தாள். ரோஸ்மேரிக்கு அது தெரியும். "அதனால என்ன, முதியோர் பென்ஷன் மனுவை உன்னை மாதிரி யார் பார்ப்பாங்க?" என்று சிரித்துவிட்டு விட்டுவிட்டார். ஆனால் ஊர் அப்படி விட்டுவிடவில்லை. மீன்பிடிப் படகுகள் ஒவ்வொன்றாக மறைந்துபோன ஊர் அது. பத்தில் ஏழு பேர் வெளியேறத்தான் கேட்டார்கள். ரோஸ்மேரி அதற்கு எதிராகப் பேசியவர்.

முதல் அழைப்பு வந்தபோது கெட்டில் இன்னும் கொதிக்கவில்லை. அதன் பிறகு ஓயவே இல்லை. ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் அழுதுகொண்டே வாழ்த்துச் சொன்னார். அடுத்தவர், "அந்த நீதிபதியம்மா சட்டையில சிலந்தி ப்ரோச் குத்திக்கிட்டு வந்து எங்க ஓட்டைத் தின்னுட்டா, சந்தோஷமா?" என்று கேட்டுவிட்டு வைத்தார். ஒரு மூதாட்டி எலுமிச்சை கேக்கோடு வந்து ப்ரையனியைக் கட்டிக்கொண்டாள். அவள் வெளியே போன சற்று நேரத்தில் ஒரு ஆள் வண்டியை நிறுத்தி இறங்கி வந்து, கண்ணாடிச் சன்னலில் நிதானமாகத் துப்பிவிட்டு மறுபடி வண்டியில் ஏறிப் போனான். பேக்கரிக்காரர்தான் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கழுவினார். "நான் யார் பக்கமும் இல்லைம்மா. ஆனா என் கடைக்குப் பக்கத்துல எச்சில் வழிஞ்சா யாரு பன் வாங்குவா?" என்றார்.

மதியம் இருவரும் அலுத்துப்போய், போனில் வருவதைப் பதிவு செய்யும் இயந்திரத்தைப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள். பிறகு ப்ரையனி பதிவானவற்றை ஒவ்வொன்றாக ஓடவிட்டாள். வசவு, வாழ்த்து, மறுபடி வசவு. இடையில் அந்தக் குரல் வந்தது.

"ரோஸ்மேரி கிளெக்குக்குச் சொல்லுங்க. கோர்ட்டுல ஜெயிச்சுட்டேன்னு ஆடாத. வெள்ளிக்கிழமை ஜனங்களைப் பார்த்து முடிச்சதும் நீ முன்வாசல்ல வர்றதில்ல. பேக்கரிக்குப் பின்னாடி குப்பைத்தொட்டிச் சந்துல நழுவுற. எங்களுக்குத் தெரியும். இந்த வெள்ளிக்கிழமை அங்க ஆள் இருக்கும். கயிறோட இருக்கும்."

ப்ரையனியின் கையில் இருந்த சாண்ட்விச் அப்படியே நின்றது. "பின்வாசல் விஷயம் இவனுக்கு எப்படித் தெரியும்?"

வென்டிக்குக் குரல் முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது. லின்டன். அவளுடைய அண்ணன். பின்வாசல் விஷயம் அவனுக்கு எப்படித் தெரியும் என்பதும் தெரியும். கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் வீட்டில் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, சிரிப்புக்காக அவள்தான் சொன்னாள். பெரிய மனுஷி, குப்பைத்தொட்டிகளுக்கு நடுவே பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுகிறாள் என்று. இருவரும் சிரித்தார்கள்.

"யார் குரல்னு ஏதாவது தோணுதா?" என்றாள் ப்ரையனி.

"இல்ல," என்றாள் வென்டி.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பெண் உறுப்பினரைத் தெருவில் வைத்துக் கொன்ற பிறகு, இப்படிப்பட்ட மிரட்டல் எதுவும் உடனே காவல்துறைக்குப் போக வேண்டும் என்பது உத்தரவு. ப்ரையனி அதை அனுப்பினாள். அனுப்பிவிட்டுப் போய்ப் பின்கதவின் தாழ்ப்பாளைப் போட்டாள்.

வேலை முடிந்ததும் வென்டி வீட்டுக்குப் போகவில்லை. துறைமுகப் பக்கமாக நடந்தாள். மதுக்கடை வாசலில் நின்றவர்கள் தீர்ப்பைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். "இவனுங்க வக்கீலு, அவனுங்க நீதிபதி, நம்ம யாரு? பொணம்!" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் இல்லை.

லின்டன் கதவைத் திறந்தபோது, பள்ளிக்கூடத்து வாசலில் பிள்ளைகளைச் சாலை கடக்க வைக்கும் வேலைக்குப் போடும் மஞ்சள் கோட்டை இன்னும் கழற்றவில்லை. படகு வேலை போய், மீன் பதப்படுத்தும் ஆலையும் மூடி, மனைவியும் போன பிறகு அவனுக்கு மிச்சமிருந்தது அந்த வேலைதான். பிள்ளைகள் அவன் உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள்.

"வா கண்ணு. என்ன இந்த நேரத்துல?"

"நீதான பேசினது லின்?"

அவன் கதவைப் பிடித்தபடியே நின்றான். "இன்னிக்கு உனக்கு லீவுதான?"

"அப்ப ப்ரையனி கேட்டா பரவால்லையா? அந்தப் பொண்ணுக்கு இருபத்தாறு வயசு. பின்கதவைத் தாழ் போட்டுட்டு உட்கார்ந்திருந்தா."

"யாரை நான் தொட்டேன்? வாய் வார்த்தை. டிவியைப் பார்த்தேன், ரெண்டு பியர் போட்டேன், பேசினேன். ஊரே பேசுது."

"ஊரு கயிறுன்னு சொல்லல. குப்பைத்தொட்டிச் சந்துன்னும் சொல்லல."

அவன் உள்ளே போய் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். "பதினோரு பேரு வென். பதினோரு பேரு. நாங்க ஒரு கோடியே எழுபது லட்சம் பேரு ஓட்டுச்சீட்டுல போட்ட பெருக்கல் குறியை, பதினோரு பேரு உட்கார்ந்து அழிக்கிறாங்க."

"அவங்க ஓட்டைப் பத்திப் பேசவே இல்ல. நாடாளுமன்றத்தைப் பூட்டினது தப்புன்னாங்க. அவ்வளவுதான்."

"எல்லாம் ஒண்ணுதான். நீயும் என் பக்கத்து மறைப்புல நின்னுதான குறி போட்ட? இப்ப அவங்க டீயைக் குடிச்சிட்டு எனக்கு வந்து பாடம் எடுக்கிறியா? யார் பக்கம்டி நீ?"

"ஸ்டேஷனுக்குப் போய் நீயே சொல்லிடு. குடிச்சிருந்தேன், மன்னிச்சிடுங்கன்னு சொல்லு. விட்டுடுவாங்க."

"மன்னிப்பா? அவகிட்டயா?" லின்டன் தலையை ஆட்டினான். "முடியாது."

அவன் கோட்டின் கைப்பக்கத்தில் யாரோ ஒரு குழந்தை ஒட்டிவிட்ட நட்சத்திரம் ஒன்று இருந்தது. வென்டி அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

மறுநாள் லண்டனில் நாடாளுமன்றம் திரும்பக் கூடியது. ஒருவரையொருவர் கத்திக்கொண்டதைத் தொலைக்காட்சி முழுக்கக் காட்டியது. ரோஸ்மேரி அங்கே போயிருந்தார். வெள்ளிக்கிழமை மக்கள் குறை கேட்பது ரத்து என்று கதவில் அட்டை தொங்கியது. ப்ரையனியை அவள் அம்மா காரில் கொண்டுவந்து வாசலிலேயே இறக்கிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை ஹாலம் என்ற காவலர் வந்தார். நல்ல மாதிரியானவர். பேசியவன் எண்ணை மறைத்திருந்ததால் இன்னும் பிடிபடவில்லை என்று சொல்லி, டீயைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். "அந்தப் பின்வாசல் யாருக்கெல்லாம் தெரியும்?"

"எங்க மூணு பேருக்கு. பேக்கரிக்காரருக்கு," என்றாள் ப்ரையனி.

"வீட்டுல யார்கிட்டயாவது சொன்னீங்களா? உங்ககூட இருந்த டேரன்கிட்ட?"

ப்ரையனியின் முகம் வெளுத்தது. டேரன் அவளோடு இரண்டு வருஷம் இருந்து கோடையில் பிரிந்துபோனவன். கடலில் காற்றாலை வேலை. இணையத்தில் ரோஸ்மேரியைத் துரோகி என்று அவன் எழுதியதை ஊரே பார்த்திருந்தது.

"அவன் சில நாள் என்னைக் கூட்டிட்டுப் போக அந்தச் சந்துக்கு வந்திருக்கான். ஆனா இது அவன் குரலே இல்ல."

"போன்ல குரல் மாறும்மா. அவரைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கோம். நீங்களும் கொஞ்சம் ஸ்டேஷனுக்கு வந்தா நல்லது."

"நான் எதுக்கு? நான் என்ன பண்ணேன்?" ப்ரையனி அழத் தொடங்கினாள். அழுதபடியே திரும்பி, "வென்டி, உங்களுக்கு டேரன் குரல் தெரியும்ல? சொல்லுங்க இவர்கிட்ட. அது அவன் இல்லன்னு சொல்லுங்க," என்றாள்.

வென்டி கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தாள்.

"அது டேரன் இல்ல. என் அண்ணன் லின்டன். பின்வாசல் விஷயத்தை அவன்கிட்ட சொன்னது நான்தான்."

ப்ரையனியின் அழுகை சட்டென்று நின்றது. நன்றி சொல்வாள் என்று வென்டி எதிர்பார்க்கவில்லை. ஆனால் அந்தப் பெண் பார்த்த பார்வையை அவள் அதற்குமுன் யார் முகத்திலும் பார்த்ததில்லை.

"செவ்வாய்க்கிழமையே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"நான் கேட்டேனே."

"கேட்ட," என்றாள் வென்டி.

லின்டனை அன்று பிற்பகலே அழைத்துப் போனார்கள். அவன் எதையும் மறுக்கவில்லை. சிறைக்கு அனுப்பவில்லை, எச்சரிக்கை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். ஆனால் பிள்ளைகளோடு இருக்கும் வேலைக்கு அது போதாதா? நகராட்சி அவனை நிறுத்தியது. மஞ்சள் கோட்டையும் வண்டிகளை நிறுத்தக் காட்டும் வட்டப் பலகைக் கம்பையும் ஒரு இளைஞன் வந்து வாங்கிப் போனான்.

மதுக்கடையில் அவனுக்கு வேறு மரியாதை கிடைத்தது. முன்பின் தெரியாதவர்கள் முதுகில் தட்டி, "சபாஷ்டா, உனக்கு ஒண்ணு என் கணக்குல" என்றார்கள். இரண்டு மூன்று நாள் குடித்தான். பிறகு அங்கே போவதையே விட்டுவிட்டான் என்று பேக்கரிக்காரர் வென்டியிடம் சொன்னார். அவன் கூட்டாளிகளில் ஒருவன் வென்டியைப் பஸ் நிறுத்தத்தில் பார்த்து, "கூடப்பிறந்தவனையே காட்டிக்கொடுத்தவ," என்று எல்லோரும் கேட்கும்படி சொன்னான். யாரும் அவனை ஏன் என்று கேட்கவில்லை.

ரோஸ்மேரி அவளை வேலையை விட்டு நீக்கவில்லை. "நீ சொன்னியே, அது போதும்," என்றார். ஆனால் அதற்குப் பிறகு தன் பயணங்களை அவளிடம் சொல்வதில்லை. ப்ரையனி காலை வணக்கம் சொல்வாள், மனுக்களைப் பற்றிப் பேசுவாள். மதிய உணவைத் தன் மேசையிலேயே வைத்துச் சாப்பிட்டாள்.

எவ்வளவோ ஆர்ப்பாட்டத்தோடு திறந்த நாடாளுமன்றம் சில வாரங்களில் தேர்தலுக்காகத் தானாகவே கலைந்தது. டிசம்பர் மழையில் ஸ்கெல்பி வரிசையில் நின்று வாக்களித்து, ரோஸ்மேரியைப் பெரிய வித்தியாசத்தில் தோற்கடித்தது. வென்டி அன்று வாக்களிக்கப் போகவில்லை. அலுவலகத்தைக் காலி செய்ய ஒரு வாரம் ஆனது. பழைய மனுக்களையெல்லாம் அரைத்துப் போடும் வேலை அவளுக்கு. கடைசி நாளில் ப்ரையனி சாவியைக் கொடுத்துவிட்டு, "பார்த்துக்கோங்க," என்று மட்டும் சொல்லிப் போனாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலை, வென்டி ஒரு டப்பாவில் இறைச்சி அடைத்துச் சுட்ட பேஸ்ட்ரி எடுத்துக்கொண்டு லின்டன் வீட்டுக்குப் போனாள். திறக்கமாட்டான் என்றுதான் நினைத்தாள். திறந்தான். மெலிந்திருந்தான், சவரம் செய்திருக்கவில்லை. டப்பாவை வாங்கிக்கொண்டான். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"சாப்பிடுறியா ஒழுங்கா?"

"சாப்பிடுறேன்."

"நம்ம நினைச்ச ஆளுங்கதான் ஜெயிச்சாங்க. பார்த்தியா?" என்று அவள் ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டாள்.

"பார்த்தேன்." அவன் தெருவைப் பார்த்தான். பள்ளி விடுமுறை, தெருவில் பிள்ளைகள் யாரும் இல்லை. "அன்னிக்கு நீ இருக்கிறது எனக்குத் தெரிஞ்சிருந்தா, மிஷின்ல பேசியிருக்கமாட்டேன் வென். உன்னைத்தான் கூப்பிட்டுக் கத்தியிருப்பேன். நீ திட்டியிருப்ப. அதோட போயிருக்கும்."

"போயிருக்கும்," என்றாள் அவள்.

"சரி. குளிருது, நீ கிளம்பு."

கதவு சத்தமில்லாமல் மூடியது. உள்ளே சங்கிலி மாட்டும் ஓசை கேட்டது. முன்பெல்லாம் அவன் சங்கிலி மாட்டியதே இல்லை. வென்டி துறைமுகத்து மதுக்கடைப் பக்கம் திரும்பாமல், சுற்றுவழியாகக் கடைவீதியில் நடந்து வீட்டுக்குப் போனாள்.