பதினொன்றாம் தூணில் இரண்டு குடம் தண்ணீர்

1.

இந்தக் கதையை நான் ஒரு சாலையைத் திட்டுவதற்காகத் தொடங்கினேன். உத்திரமேரூருக்கு வடக்கே புதிதாகப் போடும் எக்ஸ்பிரஸ்வே வேலைக்காகப் பஸ்ஸை வயல் பக்கம் திருப்பிவிட்டிருந்தார்கள். முக்கால் மணி நேரம் புழுதி. வாயெல்லாம் நறநறவென்று மணல். அப்போது ஒரு தகரக் கொட்டகை வாசலில் ஒரு பெண் கான்கிரீட் கட்டியொன்றை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு அக்கறையாக நான் என் மூக்குக்கண்ணாடியைக்கூடத் துடைத்ததில்லை. வாய்வரை வந்த திட்டை விழுங்கிவிட்டேன்.

(வரைபடத்தில் இந்தச் சாலையைத் தேட வேண்டாம். நாலைந்து ஊர்களை இணைப்பதாக நானே இழுத்த கோடு அது. புழுதி மட்டும் நிஜம்.)

2.

முதல் வரி: 'காவாந்தண்டலத்து வயல்களின்மேல் சூரியன்—'

வேண்டாம். சூரியனை வைத்துத் தொடங்கும் கதைகளுக்கு நாட்டில் பஞ்சமில்லை.

மறுபடி முதல் வரி: 'வளர்ச்சி என்ற பெயரில்—'

இதுவும் வேண்டாம். கட்டுரைப் போட்டி வாசனை அடிக்கிறது.

மூன்றாவது தடவை: ஜெனிஃபர் கட்டிகளை நசுக்கிச் சம்பளம் வாங்குபவள்.

இது இருக்கட்டும். கொட்டகை வாசலில் நான் பார்த்த பெண்தான் இவள். சாலைப் பாலத்தின் ஒரு தூணுக்குக் கான்கிரீட் கலவை ஊற்றும் அன்றே அதே கலவையில் சில கட்டிகள் வார்த்து வைப்பார்கள். 'கியூப்' என்று பெயர். இருபத்தெட்டு நாள் தண்ணீரில் கிடந்தபின் ஜெனிஃபர் அவற்றை இயந்திரத்தில் வைத்து, உடையும்வரை அழுத்துவாள். இயந்திரம் காட்டும் எண் நாற்பதைத் தாண்டும்வரை உடையாமல் தாங்கினால் தூண் பாஸ். பாலிடெக்னிக் முடித்து வந்த இரண்டு வருடத்தில் அவள் பதிவேட்டில் எழுதிய ஓர் எண்கூட அடித்துத் திருத்தப்பட்டதில்லை. நான் அதற்குள் இரண்டு வரிகளை அடித்தாயிற்று.

பதினொன்றாம் தூணின் கியூப் நாற்பத்தேழு காட்டியது. தரப் பொறியாளர் தமிழரசன் எல்லோருக்கும் டீ சொன்னார். திங்கட்கிழமை அதன்மேல் கர்டர், அதாவது பாலத்தைத் தாங்கும் உத்திரம், ஏற்றலாம் என்றார்.

3.

அந்தத் தூணுக்குக் கலவை இறக்கிய ஆட்களில் ஜெனிஃபரின் அப்பா கிருஷ்ணசாமியும் ஒருவர். முப்பது வருடம் அடுத்தவர் வயலில் சேறு மிதித்த கால்; இந்தச் சாலை வந்தபிறகுதான் அதற்கு பூட்ஸ் கிடைத்தது. அனுதாபத்துக்காக இதைச் சொல்லவில்லை. மனிதர் அந்த பூட்ஸோடு ஒரு கல்யாணத்துக்கே போய்வந்தவர்.

சாயங்காலம் சோறு போட்டுக்கொண்டே மகள் சொன்னாள்.

"நைனா, உன் தூணு நாப்பத்தேயு வாங்கிக்கீது!"

"வாங்காம இன்னா? அன்னிக்கி ரெண்டாவது லாரி பஜார் ஜாம்ல மாட்டிக்கினு லேட்டா வந்துச்சு. கலவ இறுகிப்போயி எறங்கவே மாட்டேன்னுச்சு. நான்தான் ரெண்டு கொடம் தண்ணி வுட்டேன். கூயு மாரி எறங்கிச்சு."

"எப்ப வுட்ட? நாங்க கியூப் எடுக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"நீங்க எடுத்துக்கினு போன பொறவுதான்."

ஜெனிஃபர் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். தண்ணீர் கூடினால் கலவை சுலபமாக இறங்கும்; பலம் குறையும். அவள் நசுக்கியது நல்ல கலவை. தூணில் நிற்பது தண்ணீர் விட்ட கலவை. நாற்பத்தேழு பொய்யில்லை, ஆனால் அது அந்தத் தூணின் எண்ணும் இல்லை.

4.

இங்கே என்னிடம் இரண்டு முடிவுகள் இருந்தன.

அ) ஜெனிஃபர் வாய் திறக்கவில்லை. சாலை திறக்கப்படுகிறது. ஆயுளுக்கும் அவள் அந்தப் பாலத்தை— [பாதியில் விட்டேன். இவள் அப்படிப்பட்டவள் இல்லை.]

ஆ) சொல்லிவிடுகிறாள். தூணை இடிக்கிறார்கள், அப்பாவுக்கு வேலை போகிறது, நான் இரண்டு பத்தி அழுகிறேன். [கை பழகிய முடிவு. அதனாலேயே சந்தேகம் வந்தது.]

இரண்டிலும் கிருஷ்ணசாமியை மூட்டை மாதிரி மூலையில் வைத்திருக்கிறேன். தண்ணீர் விட்டவர் அவர். அவரை யாராவது ஒரு வார்த்தை கேட்டோமா?

ஜெனிஃபர் கேட்டாள்.

"தண்ணி வுட்டா பெலம் போயிடும் நைனா. வெளிய தெரிஞ்சா தூண ஒடச்சாலும் ஒடப்பாங்க. உன்னயும் நிறுத்திடுவாங்க. இன்னா பண்லாம், சொல்லு."

அவர் திருப்பிக் கேட்டார். "திங்கக்கெயம கர்டர் ஏத்தசொல்ல, கீய நம்ம ஆளுங்கதான நிப்பாங்க?"

"ஆமா."

தட்டை நகர்த்தி வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

5.

காலையில் அவரே தமிழரசன் முன்னால் போய் நின்றார். "சார், பதினொண்ணாந் தூண்ல தண்ணி வுட்டது நான்தான். எம் பொண்ணுக்கு நேத்து சாயந்தரம்தான் தெரியும்."

தமிழரசனை வில்லனாக்கும் திட்டம் எனக்கு இருந்தது. மீசைகூட வைத்துவிட்டேன். மனிதர் என் காலை வாரிவிட்டார். முகம் கறுத்தது உண்மை. ஆனால் அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்தக் கலவை தூண்ல எங்க இருக்கு?"

கிருஷ்ணசாமி தூணை ஒட்டி நின்று, தோளுக்கு ஒரு முழம் மேலே விரல் வைத்தார். "இங்கருந்து மேல, சார்." பொறியாளர் அந்த விரலுக்குப் பக்கத்திலேயே சாக்பீஸால் கோடு போட்டார். பார்த்துக்கொண்டிருந்த ஜெனிஃபருக்குப் பயமும் பெருமையும் சேர்ந்து கண் நிறைந்தது. எனக்கும்தான். இப்படி மூன்று பேர் நிற்கும் சாலையைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

கோட்டுக்கு மேலே துளைபோட்டு மூன்று உருளைகள் எடுத்தார்கள். தூணிலிருந்து துளைத்தெடுத்த உருளைக்கு விதிப்படி நாற்பதில் எண்பத்தைந்து சதவீதம் போதும்; சராசரி முப்பத்துநான்குக்குக் குறையாவிட்டால் தூண் நிற்கும். கிருஷ்ணசாமியும் ஓர் எச்சரிக்கையோடு வேலையில் இருப்பார். குறைந்தால் தூணும் போகும், வேலையும் போகும். தமிழரசன் இதை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, "வேற யாராவது டெஸ்ட் பண்ணட்டுமா?" என்றார்.

"நானே பண்றேன் சார். நீங்க பக்கத்துல நில்லுங்க" என்றாள் ஜெனிஃபர்.

6.

முதல் உருளை முப்பத்தாறு. இரண்டாவது முப்பத்துமூன்று. மூன்றாவதும் முப்பத்துமூன்றைத் தொட்டாக வேண்டும்.

அது இப்போது இயந்திரத்தில் இருக்கிறது. கிருஷ்ணசாமி உள்ளே வர மாட்டேன் என்று வெயிலிலேயே நிற்கிறார். எண் ஏறுகிறது. இருபது. இருபத்தைந்து. முப்பது.

'முப்பத்தைந்து' என்று நான் ஒரு வார்த்தை எழுதினால் எல்லோர் வயிற்றிலும் பால் வார்த்தவனாவேன். ஆனால் பெற்ற அப்பாவுக்காகக்கூட ஓர் எண்ணை இட்டுக்கட்டாத பெண்ணின் கதையில், நான் எந்த முகத்தோடு இட்டுக்கட்டுவது? பதிவேட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விடுகிறேன்.

மூன்றாவது உருளை: ________

வேண்டுமானால் நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள். எந்த எண்ணையும் போடலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. பாலம் திறந்ததும் அதன்மேல் பிள்ளைகுட்டிகளோடு போகப்போவதும் நீங்கள்தான்.