சனிக்கிழமை வாங்கிய கத்தி

சனிக்கிழமை இரும்பு வாங்கக் கூடாதாம். வாங்கினால் சனி கூடவே வீட்டுக்கு வந்துவிடுமாம். என் மாமியார், அந்த வீட்டில் நான் இருந்த மூன்று வருஷமும் என்னைக் கூப்பிட்டதே "சனியனே" என்றுதான். அதனால் எனக்கு அந்தப் பயம் எப்போதோ விட்டுப்போயிற்று. அதோடு, விளாங்குடி மருந்துக்கடையில் பில் போடுகிறவளுக்கு நல்ல நாள் பார்த்தா லீவு கொடுப்பார்கள்? அந்த வாரம் சனி, ஞாயிறு, திங்கள் என்று மூன்று நாள் கிடைத்தது; வாங்குவதற்குச் சனிக்கிழமைதான் இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு காரியங்கள் காத்திருந்தன. ஒன்று, ஜாய்ஸ் மிஸ்ஸின் காட்டுப் பயிற்சி. மிஷன் பள்ளியில் பி.டி. டீச்சராக இருக்கிறார். பெண்களாகச் சேர்த்து மலைக்குக் கூட்டிப்போய், கூரையும் கடையும் இல்லாத இடத்தில் இரண்டு நாள் பிழைத்துக் கிடக்கக் கற்றுக்கொடுப்பார். இன்னொன்று, திருமங்கலத்தில் என் அண்ணன் அசோக்குமார் வீட்டில் பேச்சுவார்த்தை. என் வீட்டுக்காரர் முத்திருளனும் அவர் ஆட்களும் வந்து உட்காருவார்கள், காபி குடிப்பார்கள், "சின்னஞ்சிறுசுக, சண்டை சகஜம்தான்" என்பார்கள், சாயங்காலத்துக்குள் என்னை அந்த வீட்டிலேயே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அங்கே என்ன நடக்கும் என்று என் இடது மணிக்கட்டைக் கேட்டால் தெரியும். ஒடிந்து கூடியது, இன்னும் சரியாகத் திரும்ப மாட்டேன் என்கிறது.

நான் மலைக்குப் போவதாக முடிவெடுத்துவிட்டேன். யாரும் இல்லாத இடத்தில் என்னால் உயிரோடு இருக்க முடியும் என்று எனக்கே ஒரு தடவை காட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஜாய்ஸ் மிஸ் ஒரே ஒரு விஷயத்தில்தான் கறார். "ஆளுக்கு ஒரு கத்தி, மடங்காத கத்தி. அது இல்லாம பஸ்ல ஏறாதீங்க" என்று சொல்லியிருந்தார். என் கையில் இருந்தது அறுநூறு ரூபாய்.

முதலில் டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரத் தம்பி பளபளவென்று ஒன்றை எடுத்து நீட்டினான். முதுகில் ரம்பப் பல், கைப்பிடியின் மூடியைத் திருகினால் உள்ளே திசைகாட்டி, தூண்டில் முள், தீப்பெட்டி. ஒரு குடும்பமே குடியிருக்கலாம். அவ்வளவையும் உள்ளே வைத்தால் இரும்பு எங்கே இருக்கும்? இரண்டு விரலால் ஆட்டினேன், கைப்பிடி லொடலொடத்தது. விலை ஆயிரத்து எண்ணூறாம். "இது வேணாம்னா மடக்குக் கத்தி இருக்குக்கா, விலை கம்மி" என்றான். மடங்குகிற சோலியே வேண்டாம் தம்பி, மடங்கி இருந்ததெல்லாம் போதும் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

திருமங்கலம் பஸ் ஏறினேன். ரோட்டோரம் பட்டறை போட்டு அரிவாள், மண்வெட்டி விற்கிற அழகம்மாளை எனக்குத் தெரியும். அண்ணன் இருக்கிற ஊர்தான். இருந்தால் என்ன, ஊரை அவன் பேருக்கா எழுதி வைத்திருக்கிறார்கள்?

சனிக்கிழமை என்பதால் பட்டறையில் வாங்குகிற ஆளே இல்லை. ஒரே ஒருத்தன் அரிவாளைச் சாணை பிடிக்கக் கொடுத்துவிட்டுக் குத்தவைத்திருந்தான். பார்த்தால் சிவபாண்டி, என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன்.

"என்ன மதினி, இங்கிட்டு?"

"கத்தி வாங்க வந்தேன்" என்றேன்.

அவன் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும்?

அழகம்மாள் சாக்கை விரித்து நாலைந்து கத்திகளைப் போட்டாள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஒன்று கறிக்கடைக் கத்தி, முழ நீளம். ஒன்று தகரம் மாதிரி வளைந்தது. கடைசியில் ஒன்று கையில் நின்றது. லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தது. உள்ளங்கை நீளத்துக்கு அலகு, முதுகு நல்ல தடிப்பு. அலகின் இரும்பே ஒரே துண்டாகக் கைப்பிடியின் அடிவரைக்கும் ஓடியிருந்தது. இரண்டு பக்கமும் கட்டை வைத்து ரிவிட் அடித்திருந்தார்கள்.

"இதோட முதுகுல ஓங்கி அடிச்சா ஒடியாதுல்ல?"

"லாரியவே தாங்குன இரும்புத்தா. நீ அடிச்சா ஒடியப்போகுது?"

அங்கே கிடந்த விறகுக்கட்டையில் அலகை வைத்து, இன்னொரு கட்டையால் முதுகில் அடித்தேன். நாலாவது அடியில் விறகு இரண்டாகப் பிளந்து விழுந்தது. கத்தியில் ஒரு கீறல் இல்லை. சிவபாண்டி எழுந்து நின்றுவிட்டான்.

"எம்புட்டு?"

"எழுநூறு."

"இன்னைக்குச் சனிக்கிழமை. என்னைய விட்டா எவன் வந்து வாங்கப்போறான்? நானூத்தம்பது."

அழகம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சரி, குடு. ஆமா, பொம்பளப் பிள்ள, உனக்கு எதுக்குத்தா இது?"

"உயிரோட இருக்கத்தான்" என்றேன்.

சிவபாண்டி வண்டியைக் கிளப்பிப் பறந்துவிட்டான். அவனுடைய அரிவாள் சாணையிலேயே கிடந்தது.

உறை தனியாக வாங்கக் காசில்லை. விளாங்குடியில் நான் தனியாக இருக்கிற ரூமுக்கு வந்து, கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டில் வாங்கித் தந்த ஹேண்ட்பேக்கை வெட்டி, மடித்து, கோணி ஊசியால் தைத்தேன். அந்தப் பை முதல் தடவையாக உருப்படியான ஒரு வேலைக்கு ஆனது. தைத்து முடிக்கும்போது அண்ணன் போன் வந்தது.

"ஏண்டி, கத்தி வாங்குனியாமே?"

"ஆமா."

"முத்திருளன் வீட்ல எல்லாரும் கதிகலங்கிப் போயிருக்காக. மாப்ள வெளியவே வர மாட்டேங்கிறாராம். கத்தியத் திருப்பிக் குடுத்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு, நாளைக்கு வந்திருவாக. பயந்து கெடக்குறவுகள மேக்கொண்டு பயமுறுத்தாத ஆத்தா."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "அண்ணே, நான் கையொடிஞ்சு கட்டோட உன் வாசல்ல வந்து நின்னேன். அனுசரிச்சுப் போன்னு சொன்ன. மூணு வருஷம் அழுதேன், எவனும் பயப்படல. இன்னைக்கு நானூத்தம்பது ரூபாய்க்கு ஒரு கத்தி வாங்குன உடனே எல்லாருக்கும் உயிர் மேல ஆசை வந்துருச்சா?"

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஊசியை இன்னொரு தடவை குத்தி இழுத்தேன்.

"எனக்கும் அதே ஆசைதான்ணே. நான் அங்க போக மாட்டேன். நாளைக்கு மட்டுமில்ல, என்னைக்கும்."

போனை வைத்த பிறகு அழுகை வந்தது, அழுதேன். அழுதுவிட்டு மிச்சத் தையலையும் முடித்தேன்.

காலையில் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஜாய்ஸ் மிஸ் ஒவ்வொருத்தர் பையாகத் திறந்து பார்த்தார். என் கத்தியை உறையிலிருந்து உருவி, கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

"நல்ல சாமான் சத்யப்ரியா. எங்க வாங்குனீங்க?"

சொல்ல வாயெடுக்கும்போது போன் அடித்தது. அண்ணன்தான். அவர்கள் வரவில்லையாம், இனிமேலும் வர மாட்டார்களாம், பெரிய மனுஷர்களிடம் சொல்லிக் கல்யாணத்தையே தீர்த்துக்கொள்கிறார்களாம். கடைசியாகக் குரலைத் தாழ்த்தி, "நீ எதுவும் செஞ்சுற மாட்டியே?" என்றான்.

"வெளியூர் போறேன், வந்து பேசுறேன்" என்று வைத்துவிட்டேன்.

ஜாய்ஸ் மிஸ் என்னவென்று கேட்டார். சுருக்கமாகச் சொன்னேன். அவர் கத்தியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது விறகு கீறத்தான்னு அவங்ககிட்ட சொல்லலாம்ல?"

"அவுக கேக்கல மிஸ்" என்று சொல்லிவிட்டு, கத்தியை உறையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.