குறிகட்டுவானில் ஒரு கையெழுத்து

1978 ஜூன் 16, வெள்ளிக்கிழமை. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து யாழ்ப்பாணம் திரும்பும் பஸ் பன்னிரண்டரைக்குப் புறப்பட வேண்டும். ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையிலும் அது நின்றது. நயினாதீவிலிருந்து வரும் மோட்டார் வள்ளம் இன்னும் கரை சேரவில்லை. வள்ளம் வராமல் பஸ் வெளிக்கிடாது. பஸ் வராமல் வள்ளமும் வெளிக்கிடாது. யாரும் எழுதி ஒட்டாத ஒழுங்கு அது.

பஸ்ஸின் நிழலில் விமலாம்பிகை நின்றாள். பல்கலைக்கழக விடுதியிலிருந்து இதே பஸ்ஸில் வந்து, இதே பஸ்ஸில் திரும்ப வேண்டியவள். மாணவர் சங்கத் தேர்தலில் பெண்கள் பிரதிநிதிக்குப் போட்டியிடுகிறாள். விண்ணப்பம் மூன்று மணிக்குள் சேர வேண்டும். ஆண்களுக்கு ஒரு தாள். பெண்களுக்கு இரண்டு, இரண்டாவது தாளில் தகப்பனின் கையெழுத்து வேண்டும். அதை முதல்நாள் பின்னேரந்தான் சொன்னார்கள். அவளுடைய தகப்பன் பாலசிங்கம் அந்த வள்ளத்தில் இயந்திரம் பார்ப்பவர்.

"பயப்பிடாதையும் தங்கச்சி," என்றார் கொண்டக்டர் தம்பிராசா. "சோளகக் காத்து. அதுதான் சுணங்குது. உம்மடை ஐயா வராமல் நாங்கள் போகமாட்டம்."

வள்ளம் வந்தது. கோயிலுக்குப் போய்த் திரும்பிய சனம் உப்புநீரில் நனைந்து இறங்கியது. பாலசிங்கம் கடைசியாகக் கரையேறி வந்தார். முழங்கை வரைக்கும் எண்ணெய்க் கறுப்பு.

"என்ன பிள்ளை, ஆருக்கும் சுகமில்லையோ?"

"ஒண்டுமில்லை ஐயா. ஒரு கையெழுத்து."

அவர் கைகளைப் பார்த்தார். இறங்கியவர்களில் ஒரு பெண் பையைத் திறந்து புதுத் துவாய் ஒன்றை நீட்டினாள்.

"ஊத்தையாப் போமெணை."

"போனால் தோய்க்கலாம். பிடியுங்கோ."

"என்ன பாலசிங்கம், மோளுக்குக் கலியாண எழுத்தோ?" என்று பஸ்ஸுக்குள்ளிருந்து ஒருவர் கேட்டார்.

"ஓம் அண்ணை, எல்லாம் சரி. மாப்பிள்ளைதான் இல்லை."

பஸ் சிரித்தது. பாலசிங்கம் துடைத்துக்கொண்டே மகளிடம் திரும்பினார். "தேர்தலிலை வெண்டால் என்ன செய்வாய்?"

"ஆறு மணிக்கு விடுதிக் கேற்றைப் பூட்டுகினம் ஐயா. முக்கியமான புத்தகங்களை லைபிறரியிலை ஆறுக்குப் பிறகுதான் வெளியிலை குடுப்பினம். பெடியள் எடுத்துக்கொண்டு போவாங்கள். எட்டு மணி மட்டும் கேற்றைத் திறந்து வைக்கச் சொல்லிக் கேக்கப்போறன்."

"கேட்டால் விடுவினமோ?"

"சங்கத்திலை எழும்பி நிண்டு கேக்க ஒரு ஆள் வேணுமெல்லே."

தம்பிராசா தன் ரிக்கற் பலகையைக் கொடுத்தார். அதில் தாளை வைத்துப் பாலசிங்கம் ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். தாளைப் பிடித்திருந்த இடது பெருவிரல் எடுபட்டபோது ஓரத்தில் கறுப்பாய் ஒரு அடையாளம் இருந்தது.

"ஐயோ, பழுதாக்கிப்போட்டன்."

"அது சீல் அண்ணை," என்றார் தம்பிராசா. "இனி ஒருத்தரும் மறுக்கேலாது."

வழியில் வங்களாவடியில் தேத்தண்ணி குடிக்க இறங்கும் சாரதி அன்று இறங்கவில்லை. இரண்டே முக்காலுக்கு விமலாம்பிகை இரண்டு தாள்களையும் அலுவலகத்தில் கொடுத்தாள். எழுதுவினைஞர் கறைக்கு மேலே விரலை வைத்துப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

தேர்தல் நாளன்று வாக்களித்த மாணவிகள் நூற்றுப் பன்னிரண்டு பேர். அவளுக்கு எழுபத்தொன்று. அன்றிரவு விடுதிச் சாப்பாட்டறையில் பேசச் சொன்னார்கள். அவள் தோழிகளுக்கும், காத்து நின்ற பஸ்ஸுக்கும், பேர் கேட்க மறந்துபோன துவாய்க்காரிக்கும் நன்றி சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டாள்.

"கொண்டக்டருக்கு நன்றி சொன்ன முதல் அரசியல்வாதி நீதானடி," என்றாள் அறைத்தோழி மரியநாயகி.

வீட்டுக்கு எழுதிய கடிதத்திலும் அதே நன்றிகள் இருந்தன. பாலசிங்கம் அதை வள்ளத்தில் வைத்து உரத்து வாசித்தார் என்று பதில் வந்தது. மரியநாயகி அதைக் கேட்டு இன்னொரு தடவை சிரித்தாள்.

புதிய சங்கத்தின் முதற்கூட்ட அறிவித்தல் ஒரு நாள் முன்னதாக ஒட்டப்பட்டது. நேரம் பின்னேரம் ஆறரை. கூட்டத்தை ஆறுக்கு முன் வைக்கக் கேட்டு விமலாம்பிகை தலைவரிடம் போனாள்.

"அஞ்சு மணி மட்டும் எல்லாருக்கும் விரிவுரை. பிறகு பெடியளுக்கு விளையாட்டு," என்றார் அவர், மரியாதையாக. "நீர் வார்டனிட்டைக் கேளுமன். ஒரு நாள்தானே."

வார்டனும் மரியாதையாகவே பேசினார். "நான் மறிக்கேல்லைப் பிள்ளை. தகப்பனாற்றை கடிதம் ஒண்டு வேணும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒவ்வொண்டு."

"நாளைக்குக் கூட்டம் மிஸ். ஐயா நயினாதீவிலை."

"அதுக்கு நான் என்ன செய்யிறது?"

அவள் கேற்றை எட்டு மணிக்குப் பூட்டக் கோரும் தன் பிரேரணையைத் துப்புரவாக எழுதித் தலைவரிடம் கொடுத்தாள். மறுநாள் ஆறு மணிக்குக் காவலாளி கேற்றைப் பூட்டினார். அவளும் மரியநாயகியும் உள்ளே, சீமெந்துப் படியில் இருந்தார்கள். தெருவின் அந்தப் பக்கம் சங்க அறையில் விளக்குப் போட்டார்கள். கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை கூட்ட அறிக்கை அறிவித்தற் பலகையில் ஒட்டப்பட்டது. கூட்டம் குறித்த நேரத்துக்கு ஆரம்பமாகியது. பெண்கள் பிரதிநிதி சமுகமளிக்கவில்லை. மகளிர் விடுதி வாயில் நேரம் பற்றிய பிரேரணை, முன்மொழிந்தவர் சபையில் இல்லாமையால் எடுத்துக்கொள்ளப்படவில்லை.