நிஜமான ஆறரை

சலவைக்கூடத்து பாய்லர்காரருக்கு வேலை முடிவது காலை ஏழு மணிக்கு. ஆனால் நெருப்பு எரிகிற பாய்லரை ஆளில்லாமல் விடக்கூடாது. மாற்று ஆள் வந்து நின்றால்தான் இவர் நகர முடியும். அந்த மாற்று ஆள் இவருடைய மச்சினன். வேலை வாங்கிக் கொடுத்த புண்ணியவானும் இவரேதான், யாரை நொந்துகொள்வது?

ஏழு மணிக்கு வா என்றால் மச்சினன் ஏழரைக்கு வருவான். கத்தி அலுத்துப்போய், "ஆறரைக்கு வாடா" என்று சொல்ல ஆரம்பித்தார். அதன்பிறகு ஏழுக்கு டாணென்று வந்தான்.

இன்று மகள் முதல் வேலைக்காக வெளியூர் கிளம்புகிறாள். வண்டி ஏழரைக்கு என்று சொல்லியிருந்தாள். ஸ்டேஷனுக்கு பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அதனால் நிஜமாகவே ஆறரைக்கு வந்துவிடும்படி நேற்றே மச்சினனிடம் கெஞ்சாத குறையாகச் சொல்லிவைத்தார்.

ஆறரை ஆனது. ஆளைக் காணோம். போனும் எடுக்கவில்லை. வாசலுக்கும் பாய்லருக்குமாக நடந்து கால் ஓய்ந்தது, வாயில் வந்த வசவெல்லாம் தீர்ந்தது.

ஏழு மணிக்கு மச்சினன் தலையை வாரிக்கொண்டே உள்ளே வந்தான்.

"பாத்தீங்களா அத்தான், கரெக்டா ஏழு!"

"ஆறரைக்குத்தானேடா வரச் சொன்னேன்?"

"நீங்க ஆறரைன்னா ஏழுதானே?"

"இன்னைக்கு நிஜமாவே ஆறரைன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனேடா!"

"அதையும் தினமும்தானே சொல்றீங்க?"

தினமும் சொன்னது வாஸ்தவம்தான். பல்லைக் கடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

யார் தாமதமாக வந்தாலும் எரிந்து விழுகிற மனுஷன், வழியெல்லாம் வண்டி தாமதமாக வேண்டுமே என்று வேண்டிக்கொண்டே போனார். பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் அனுப்பிவிடுவோமோ என்று பயம்.

ஸ்டேஷன் கடிகாரம் ஏழே முக்கால் தாண்டிவிட்டது என்றது. வண்டி அப்படியே நின்றுகொண்டிருந்தது. ஜன்னலில் மகள்.

"நல்லவேளை, வண்டி லேட்டு!" என்று மூச்சு வாங்கினார்.

"லேட்டெல்லாம் இல்லப்பா. எட்டு மணி வண்டி இது."

"ஏழரைன்னியே?"

அவள் அசடு வழிந்தாள். "மாமாவை நம்பி எப்படிப்பா உள்ள நேரத்தைச் சொல்றது?"

பெற்ற மகளே அவரிடம் நேரத்தைக் குறைத்துச் சொல்லியிருக்கிறாள். ஒருநாளும் எதற்கும் பிந்தாத அவரிடம்! கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அந்த ஏழரை நிஜமாக இருந்திருந்தால் வெறும் தண்டவாளத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார். ஜன்னல் கம்பியில் இருந்த அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டார்.

வண்டி நகர்ந்தது.

"போய்ச் சேர்ந்ததும் ஏழு மணிக்குப் போன் பண்றேம்பா!"

அவர் கூடவே நாலு எட்டு ஓடினார்.

"எந்த ஏழும்மா?"